சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். அப்புறம் ஏன் டிபி மாத்திரை?

எழுதியது: தாடிக்கொம்பு அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 31, கல்யாணம் ஆகவில்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பெட்டியும் கையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தான். 58 கிலோ இருந்தவன் 44 கிலோ.

சாயங்காலம் ஆனால் காய்ச்சல். விடிகாலையில் தலையணை உறையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. இருமல் என்று பெரிதாக இல்லை. பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டைபாய்டு என்று சொல்லி இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சளி பார்த்தார்கள், கிருமி இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தம். காய்ச்சல் மட்டும் போகவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அங்கே எச்.ஐ.வி பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி இருக்கிறது என்றார்கள். சிடி4 என்கிற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை வெறும் 62.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இப்போது எச்.ஐ.வி மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி மையத்து டாக்டர் அவன் கழுத்தைத் தடவிப் பார்த்து, வலது பக்கம் நெறி கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே, 'நாளையிலிருந்து டிபி மாத்திரை, தினம் மூன்று. எச்.ஐ.வி மருந்தை இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கலாம்' என்கிறார். மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், 'நிரூபணம் இல்லாமல் டிபி மாத்திரை போட்டால் கல்லீரல் போய்விடும், சம்மதிக்காதே' என்கிறான்.

கிருமியே தெரியாதபோது இதை ஆரம்பிக்கலாமா? எச்.ஐ.வி தானே மூல காரணம், அதற்கு மருந்து கொடுக்காமல் ஏன் காத்திருக்க வேண்டும்? அப்புறம், வீட்டில் என் மகள் இருக்கிறாள், நாலு வயது. தம்பியின் மடியில்தான் எப்போதும். என்ன செய்வது? மாத்திரை அட்டை மேசை மேல் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.


பதில் 1: வைகைக்கரை டீக்கடை

தங்கச்சி, முதலில் அட்டையைப் பிரித்து நாளைக் காலை வெறும் வயிற்றில் மூன்று மாத்திரையைக் கொடுத்துவிடு. மீதியை அப்புறம் படி.

நான் டாக்டர் இல்லை. 2016ல் உன் தம்பி இடத்தில் இருந்தவன். சிடி4 48. எனக்கும் சளியில் கிருமி இல்லை, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் 'கிருமி இல்லை' என்ற சீட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அந்தச் சந்தோஷத்திலேயே மூன்று மாதம் போனது. அதற்குள் டீ ஆற்றும் குவளையைத் தூக்கக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார், லாரியில் கிளீனர் வேலை. எனக்கு இருந்ததுதான் அவருக்கும். 'உறுதியாகத் தெரியட்டும், அப்புறம் மாத்திரை போடுகிறேன்' என்று வீட்டில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்துவிட்டு, மூச்சு வாங்கிய பிறகு வந்தவர். வந்த நாலாவது நாள் போய்விட்டார். கட்டிலுக்கு அடியில் அவருடைய செருப்பு மட்டும் இரண்டு நாள் கிடந்தது. எச்.ஐ.வி உள்ளவர்களின் உயிரை உலகம் முழுக்க அதிகமாக எடுப்பது டிபிதான் என்று மையத்தில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா சொன்னபோது எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் மாத்திரையை முதலில் கொடு என்று சொன்னேன்.

கல்லீரல் பயம் நியாயமானதுதான், உன் சித்தப்பா மகன் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு வழி மருந்தைத் தள்ளிப்போடுவது இல்லை, கவனமாக இருப்பது. ஆரம்பிக்கும்போதே கல்லீரல் டெஸ்ட்டும் மஞ்சள் காமாலை பி டெஸ்ட்டும் எடுத்திருக்கிறார்களா என்று கேள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது டிபி மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டி வாந்தி நிற்காமல் வந்தாலோ அன்றைக்கே ஓடவேண்டும். பாதம் எரிந்தால் சொல்லச் சொல். கூடவே கொடுக்கிற பி6 வைட்டமின் மாத்திரை அதற்குத்தான், சின்ன மாத்திரை என்று விட்டுவிடக் கூடாது. சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும், அதே மாத்திரையில் இருக்கிற எத்தாம்பியூட்டால் மருந்து சில பேருக்குக் கண்ணைத் தொடும்.

எச்.ஐ.வி மருந்து ஏன் கொஞ்சம் கழித்து என்பதை என்னிடமும் அந்தக் கவுன்சிலர் அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். உடம்பில் டிபி கிருமி கூட்டமாக இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி என்கிற காவல்காரன் தூங்குகிறான். முதலில் டிபி மாத்திரையால் கூட்டத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். குறைக்காமல் எச்.ஐ.வி மருந்தால் காவல்காரனை எழுப்பிவிட்டால் அவன் கண்ட இடத்தில் எல்லாம் சண்டை போட்டு உடம்பே தாங்காது. ரொம்ப நாள் தூங்கவிட்டாலும் ஆபத்து. முன்பெல்லாம் இரண்டு மாதம்கூடத் தள்ளிப்போடுவார்கள். கம்போடியாவில் செய்த ஒரு ஆய்வில், எட்டு வாரம் கழித்து ஆரம்பித்தவர்களைவிட இரண்டு வாரத்தில் ஆரம்பித்தவர்கள் அதிகம் பேர் பிழைத்தார்கள். அது 2011ல் வெளியானது. இப்போது சிடி4 எவ்வளவாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். மூளைக்காய்ச்சல் டிபி என்றால் மட்டும் நாலு வாரமாவது பொறுப்பார்கள். அதனால் தம்பிக்குத் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டால், 'அதெல்லாம் ஒன்றும் இல்லை சார்' என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சிடி4 100க்குக் கீழே என்றால் கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சைக்கும் ரத்தத்தில் டெஸ்ட் எடுப்பார்கள், அதையும் கேட்டு வை.

செப்ட்ரான் மாத்திரையும் கொடுத்திருப்பார்களே? அதுவும் முக்கியம். நிமோனியா மாதிரி வேறு நோய் வராமல் தடுப்பது.

இதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள். என் மனைவி ஒரு கணக்கு நோட்டில் எழுதி வைத்தாள். டீக்கடை பாக்கி ஒரு பக்கம், என் மாத்திரை ஒரு பக்கம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.


பதில் 2: ஆய்வுக்கூடத்துக்காரி

அக்கா, நான் காசநோய்ப் பிரிவில் சளி பார்க்கிற வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். 'கிருமி இல்லை' என்ற சீட்டை எழுதித் தருபவளே நான்தான். அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடித் தகட்டில் சளியைத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நீலத் தரையில் சிவப்பாக, ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்டமாதிரி இருக்கும். நூறு இடம் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் 'இல்லை' என்று எழுதுவோம். ஆனால் அப்படிக் கண்ணில் படுவதற்கு ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமி இருக்க வேண்டும். ஐயாயிரம் இருந்தாலும் நான் தவறவிடலாம். ஆகவே அந்தச் சீட்டின் உண்மையான பொருள், 'இந்தத் தகட்டில் எனக்குத் தெரியவில்லை' என்பதுதான். தம்பிக்கு டிபி இல்லை என்று அது சொல்லவே இல்லை.

எச்.ஐ.வி இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர் உடம்பு கிருமியோடு சண்டை போடும். அந்தச் சண்டையில் நுரையீரல் அரித்துக் குழி விழும், குழியிலிருந்து கிருமி சளியில் கொட்டும், எக்ஸ்ரேயிலும் அந்தக் குழி தெரியும். சிடி4 62 என்றால் சண்டை போட ஆள் இல்லை. குழி இல்லை, சளியில் கிருமி குறைவு, எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். நோய் நெறியிலோ, வயிற்றிலோ, ரத்தத்திலோ பரவி உட்கார்ந்திருக்கும். பெரிய இருமல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இதே கதைதான். அதனால்தான் எச்.ஐ.வி உள்ளவர்களிடம் 'இரண்டு வாரம் இருமல் உண்டா' என்று கேட்பதில்லை. ஒரு நாள் இருமல் என்றாலும் கணக்குத்தான். இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வேர்வை, இந்த நாலில் ஒன்று இருந்தாலே டிபிக்குப் பார்க்க வேண்டும். தம்பிக்கு மூன்று இருந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு முதலிலேயே சிபிநாட் அல்லது ட்ரூநாட் போட வேண்டும், மைக்ராஸ்கோப்போடு நிறுத்தக் கூடாது. அந்த மெஷின் கிருமியின் மரபணுவைத் தேடும். சிபிநாட்டுக்கு ஒரு மில்லியில் 130 கிருமி அளவு இருந்தாலே பிடித்துவிடும். ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே ஓட்டத்தில், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். நெறியில் உறிஞ்சி எடுத்ததையும் சிபிநாட்டில் போடலாம். எடுத்ததை ஃபார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு அனுப்பினால் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. பாதி பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள், எனக்கு அழுகையே வரும். ஏ.ஆர்.டி டாக்டர் எடுத்தார் என்றால் சரியாகத்தான் அனுப்பியிருப்பார், ஆனாலும் 'சிபிநாட் எழுதினீர்களா சார்' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுநீரில் பார்க்கிற லாம் என்ற பட்டை டெஸ்ட்டும் உண்டு. 25 நிமிடத்தில் கோடு விழும். சிடி4 ரொம்பக் குறைந்தவர்களுக்கு அது கைகொடுக்கும், கிடைக்கிற இடத்தில் கேட்கலாம். இதில் எது 'இல்லை' என்று வந்தாலும் டாக்டர் ஆளைப் பார்த்து டிபி என்று முடிவு செய்யலாம். அவர் செய்திருப்பது அதுதான், அவர் கையைப் பிடிக்காதீர்கள்.

சளி திரும்பக் கேட்டால் நல்ல சளியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எனக்கு வருகிற டப்பாக்களில் நிறைய எச்சில்தான். திறந்த இடத்தில், ஆள் இல்லாத பக்கம் நின்று எடுக்கணும், அடுப்படியில் வேண்டாம்.

பாப்பாவைப் பற்றிக் கேட்டீர்களே. அவளை நாளைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், இருமல், எடை ஏறாமல் இருப்பது, இதெல்லாம் பார்த்து டிபி இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் தள்ளிப்போடவே கூடாது. வீட்டுப் பெரியவர்களையும் பார்ப்பார்கள். அதுவரை ஜன்னல் திறந்திருக்கட்டும், தம்பி வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில் படுக்கட்டும். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை. டிபி மூச்சுக்காற்றில்தான் வரும், பாத்திரத்தில் வராது. அவன் மனசு நோகிற மாதிரி எதையும் பிரித்து வைக்காதீர்கள்.


பதில் 3: மேற்குத் தொடர்ச்சி

நான் 2011 முதல் ஏ.ஆர்.டி எடுக்கிறேன். டிபி வரவில்லை. 2019ல் ஆறு மாதம் ஐ.என்.எச் என்கிற டிபி தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள், முழுசாகப் போட்டேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எச்.ஐ.வி இருந்து, டிபி இல்லை என்று பார்த்து உறுதி செய்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தடுப்பு உண்டு. உங்கள் மையத்தில் இன்னும் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.


தாடிக்கொம்பு அக்கா

காலையில் ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்துவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணே. தங்கச்சி என்று கூப்பிட்டீர்களே, அதைப் படித்தபோதுதான் இத்தனை நாளில் முதல் தடவையாக அழுதேன்.

நெறி ரிசல்ட்டும் வந்துவிட்டது. சிபிநாட்டில் டிபி இருக்கிறது, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்று எழுதியிருக்கிறது. மகளுக்கும் பார்த்தாயிற்று, தடுப்பு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் எச்.ஐ.வி மருந்தும் ஆரம்பித்தார்கள். அதில் ஒரு சந்தேகம். ராத்திரிக்கு டி.எல்.டி என்று ஒரு மாத்திரை. அதிலேயே டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்து இருக்கிறது என்கிறார்கள். காலையிலும் தனியாக ஒரு டோலுடெக்ராவிர் கொடுத்திருக்கிறார்கள். தவறிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களா?

இன்னொன்று. டிபி பணியாளர் வீட்டுக்கு வருவாராம். தெருவுக்கு எச்.ஐ.வி விஷயம் தெரிந்துவிடுமோ என்று அம்மா நடுங்குகிறாள்.


வைகைக்கரை டீக்கடை

தவறு இல்லை தங்கச்சி, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட கல்லீரல் டோலுடெக்ராவிரைச் சீக்கிரமாகக் கரைத்து வெளியே தள்ளிவிடும். ஒரு வேளை போட்டால் ரத்தத்தில் நிற்காது, அதனால் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை 50 மில்லிகிராம். டிபி மருந்து முடிந்து இரண்டு வாரம் வரைக்கும் அந்தக் காலை மாத்திரை தொடர வேண்டும், கல்லீரல் வேகம் அடங்க அவ்வளவு நாள் ஆகும். முடிந்த அன்றே நிறுத்திவிடக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்து, இதையெல்லாம் டோலுடெக்ராவிரோடு சேர்த்துக் கொடுக்காதே. டோலுடெக்ராவிர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடு, இல்லாவிட்டால் ஆறு மணி நேரம் முன்னால். 'உடம்பு தேறட்டும்' என்று யாராவது இரும்பு டானிக் வாங்கி வருவார்கள், பார்.

என் காலத்தில் இது இல்லை, எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி மாத்திரைதான். ராத்திரி போட்டால் கனவு கனவாக வரும், பாம்பும் வெள்ளமுமாக. தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. டிபி மாத்திரையையும் அப்போது எங்களுக்கு ஏ.ஆர்.டி மையத்திலேயே ஒரு மாதத்துக்குத் தந்துவிடுவார்கள். அட்டையைக் கிழித்தால் உள்ளே ஒரு நம்பர் இருக்கும், அதற்குத் தினமும் போன் போட்டால் மாத்திரை சாப்பிட்டதாகப் பதிவாகும். கடையில் எச்சில் டம்ளர் கழுவிக்கொண்டே போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்: வருகிறவர் டிபிக்காக வருகிறார். எச்.ஐ.வி பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று 2017ல் சட்டமே போட்டாயிற்று. வீட்டுக்கு வர வேண்டாம், மையத்திலேயே பார்க்கலாம் என்றும் நீங்கள் கேட்கலாம். 1097க்குப் போன் போட்டால் இது பற்றி நிதானமாகப் பேசுவார்கள். வங்கிக் கணக்கைக் கேட்பார்கள், கொடுத்துவிடு. சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரும், 2024 நவம்பரில் 500ஐ ஆயிரமாக்கினார்கள். முட்டை, கடலை, பயறு வாங்கிக் கொடு.


தாடிக்கொம்பு அக்கா

அண்ணே, யாராவது முழித்திருக்கிறீர்களா? எச்.ஐ.வி மருந்து ஆரம்பித்து 17 நாள். காய்ச்சல் போயே போய்விட்டது, இரண்டு கிலோ ஏறினான், தட்டில் மறுசோறு கேட்டான். இப்போது மூன்று நாளாகத் திரும்பக் காய்ச்சல், 102. புளியங்கொட்டை அளவில் இருந்த நெறி எலுமிச்சம்பழம் அளவு ஆகிவிட்டது, மேல்தோல் சிவந்து பளபளக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? சித்தப்பா மகன் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறான்.


வைகைக்கரை டீக்கடை

நிறுத்தாதே. எதையும் நிறுத்தாதே. எனக்கு இருபதாம் நாள் இதேதான் வந்தது, சட்டைக் காலரைக்கூட மடக்க முடியவில்லை.

தூங்கின காவல்காரன் எழுந்துவிட்டான் என்று வைத்துக்கொள். மிச்சம் இருக்கிற கிருமியை, செத்த கிருமியைக்கூட விடாமல் அடிக்கிறான், அதனால் வீங்குகிறது. டாக்டர்கள் ஐரிஸ் என்பார்கள். சிடி4 குறைவாக இருந்தவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் இது வருவது அபூர்வம் இல்லை. ஆனால் ஐரிஸ்தான் என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது. மாத்திரை விட்டுப்போனதா, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போனதா, வேறு தொற்று சேர்ந்ததா என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பு, மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போ.

இன்று ராத்திரியே தலைவலி, வாந்தி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் மயக்கம், மூச்சு வாங்குவது, இதில் ஒன்று வந்தாலும் காலைக்குக் காத்திருக்காதே, 108ஐக் கூப்பிடு. நான் முழித்துத்தான் இருக்கிறேன், நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கணும். எழுது.


தாடிக்கொம்பு அக்கா

ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. காலையில் கூட்டிப் போனேன். டாக்டர் நெறியில் ஊசி போட்டுச் சீழ் எடுத்தார், ஏறக்குறைய எட்டு மில்லி. அதைத் திரும்ப டெஸ்ட்டுக்கும் அனுப்பினார். ஐரிஸ் என்றுதான் நினைப்பதாகச் சொல்லி, வீக்கத்தைக் குறைக்கிற ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் 40, அப்புறம் 20 என்று குறைத்துக்கொண்டே வர வேண்டுமாம். டிபி மருந்தும் எச்.ஐ.வி மருந்தும் அப்படியே தொடரச் சொன்னார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. நேற்று எடை பார்த்தோம், 49.6. இன்னும் கொஞ்சம் ஏறினால் 50. டிபி மாத்திரை மூன்றிலிருந்து கூடுமா? நாமாகக் கூட்டலாமா?


ஆய்வுக்கூடத்துக்காரி

நீங்களாகக் கூட்டாதீர்கள் அக்கா. எடைக்கு ஏற்றபடிதான் எண்ணிக்கை. 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. ஆரம்பித்தபோது 44, இப்போது ஐந்து கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது, 50ஐயும் தொட்டுவிட்டால் அடுத்த மாத மருந்து வாங்கும்போது மாற்றிக் கொடுப்பார்கள். இரண்டு மாதம் முடிந்ததும் பைரசினமைடு என்கிற மருந்து இல்லாத வேறு அட்டை வந்திருக்கும், நிறம் மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம். அங்கே இருக்கிற தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள், சீட்டில் எழுதினார்களா என்று பாருங்கள்.